வேண்டாத புல்லுக்கு ஒரு வக்காலத்து

பயிரை வளர்ப்பதற்குப் படும் பாட்டைக் காட்டிலும் அதனிடையே முளைக்கும் களையை ஒழிப்பதற்குப் படும் பாடே அதிகம் என்பது மண்ணில் கை வைத்தவர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி. நெல்லுக்கு நடுவே கோரை தலையெடுத்தால் அதைப் பிடுங்கி எறிவதில் நியாயம் இருக்கிறது. உலையில் இட வேண்டியது நெல்லேயன்றிக் கோரை அன்று. ஆனால், யாரும் அறுத்து உண்ணப் போகாத, மாடுகூட மேயப் போகாத, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பதும் காலுக்கு மெத்தென்று இருப்பதுமே பிரயோஜனமாகக் கொண்ட ஒரு புல்தரையில், ஒரு பச்சைப் புல்லைக் காப்பாற்றுவதற்காக இன்னொரு பச்சைப் புல்லை விஷமிட்டுக் கொல்வது என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நெடுங்காலமாக நடந்து வரும் விசித்திரமான யுத்தம். கொல்லப்படும் அந்தப் புல்லுக்குத் தாவர சாஸ்திரத்தில் போவா ஆன்னுவா என்று பெயர். லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்துப் பேரறிஞர் 1753-ஆம் ஆண்டில் அச்சிட்ட நூலில் அந்தப் பெயர் இருக்கிறது. கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்பவர்கள் சுருக்கமாகப் ‘போவா’ என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இதைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று நியூஜெர்சியிலும் சியாட்டிலிலும் லண்டன் புறநகர்களிலும் வீடு வாங்கியிருக்கிறார்கள். வீட்டோடு, தாங்கள் கேளாமலே, ஒரு புல்தரையையும் வாங்கியிருக்கிறார்கள். ஊரில் இருக்கும்போது ஒரு துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் சோம்பல்பட்டவர்கள், அங்கே போனபின் சனிக்கிழமைதோறும் எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு புல் வெட்டுகிறார்கள். வசந்த காலம் பிறந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கதிர் விட்டுத் தலைகாட்டும் ஒரு புல்லைக் கண்டு கலவரமடைந்து, எந்த மருந்தை அடித்தால் இது தொலையும் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். தொலைப்பதற்குச் செலவிடும் சிரத்தையிலும் பணத்திலும் பாதியை அந்தப் புல்லின் சுபாவத்தை அறிந்து பேணுவதற்குச் செலவிட்டால் பலன் அதிகம் என்பதுதான் என் அபிப்பிராயம். இதைச் சொல்வதற்கு நான் துணிவது, உலகத்திலேயே அதிகச் செல்லம் கொடுத்து வளர்க்கப்படும் புல்தரைகள் சிலவற்றில் இருப்பதும் இதே புல்தான் என்பதால்.

புல்லை முதலில் பார்த்துவிடுவோம். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது; உட்கார்ந்து ஒரு இலையைக் கிள்ளி எடுக்க வேண்டும். இலை மிருதுவாகவும், மற்றப் புற்களைவிடச் சற்று வெளிறிய பச்சையாகவும் இருக்கும். இளம் இலையில் குறுக்கே சுருக்கங்கள் விழுந்திருப்பதும் உண்டு. நடுவே இரண்டு மெல்லிய கோடுகள் தண்டவாளம்போல் இணையாக ஓடும். நுனி மட்டும் கூராக முடியாமல், படகின் முன்பகுதி வளைந்து குவிவதுபோல் குவிந்திருக்கும். அதை விரலால் தட்டையாக்க முயன்றால் தட்டையாகாமல் நடுவே பிளந்துகொள்ளும். இலை தண்டைத் தழுவும் இடத்தில் வெண்மையான மெல்லிய சவ்வு ஒன்று நிற்கும். கதிரோ முக்கோண வடிவில், மிகச் சிறியதாக இருக்கும். ஆனால் நூறு கதிர்கள் ஒன்று சேர்ந்தால் தரை முழுவதும் மாவு தூவியதுபோல் வெளுத்துவிடும். அந்த வெளுப்புத்தான் வீட்டுக்காரருக்குப் பொறுக்காத குற்றம்.

தாவர நூலோர் ஆராய்ந்து கண்டபடி, இது இரண்டு புல் ஜாதிகளின் கலப்பில் பிறந்தது. ஒன்று மத்தியதரைக் கடலோரத்து வெயிலில் சில மாதங்களே வாழ்ந்து விதையிட்டு மடியும் ஓராண்டுப் புல். மற்றொன்று ஐரோப்பாவின் மலைச்சாரல்களில் குளிரிலும் ஈரத்திலும் பல்லாண்டு படர்ந்து கிடக்கும் புல். இருவர் குணமும் பிள்ளையிடம் வந்து சேர்ந்தன. அதனால், பெயரில் ‘ஓராண்டு’ என்பது ஒட்டியிருந்தாலும், வசதி கிடைத்த இடத்தில் பல ஆண்டுகள் தழைப்பதும், வசதியில்லாத இடத்தில் அவசர அவசரமாக விதைத்துவிட்டு மறைவதும் இதன் வழக்கமாயிற்று. கோடை தணிந்து மண்ணின் வெப்பம் 21 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது விதை முளைக்கும், பனிக்காலம் முழுவதும் சிறு செடியாகத் தாக்குப்பிடிக்கும், வசந்தத்தில் பூக்கும், ஜூலை வெயிலில் மடியும். மடியுமுன் நூற்றுக்கணக்கான விதைகளை மண்ணில் உதிர்த்திருக்கும். அவை ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்க வல்லவை. எவ்வளவு தாழ்வாக வெட்டினாலும் அந்த வெட்டுக்குக் கீழேயே பூத்து விதையிடும் சாமர்த்தியம் இதற்கு உண்டு; ஒரு விரற்கடை வெட்டினால் அரை விரற்கடையில் பூக்கும், அரை விரற்கடை வெட்டினால் அதற்கும் கீழே.

இப்படிப்பட்ட ஜீவனோடு யுத்தம் தொடுத்தவர்கள் கண்ட பலன் என்னவென்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் புல்தரைக்கு இடுவது பெரும்பாலும் நம்முடைய அறுகம்புல்தான். அங்கே அதற்குப் பெர்முடா என்று பெயர். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே புல், அந்த நாட்டுக் குளிரில் பழுப்பேறி உறங்கிவிடும். உறங்கும் அறுகின் இடையே போவா மட்டும் பச்சைப் பசேலென்று விழித்திருக்கும். பழுப்பை மறைப்பதற்காக ஓராண்டு ரைகிராஸ் என்னும் வேறொரு புல்லைக் காசு கொடுத்து வாங்கி இலையுதிர் காலத்தில் தூவுகிறவர்கள், காசு கேட்காமல் வந்து பச்சை காட்டும் போவாவைக் கண்டால் மட்டும் தெளிப்பானைத் தூக்குகிறார்கள். அறுகு உறங்கும் வேளை பார்த்துக் கிளைபோசேட் அடிப்பது, முளைக்குமுன்னே மண்ணில் புரோடையமின் இடுவது, இவை பலிக்காவிட்டால் வேறொன்று என்று மருந்துகள் மாறிக்கொண்டே வந்தன. ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்த இடங்களில் அந்த மருந்துக்கு மசியாத செடிகள் மட்டும் பிழைத்து, அவற்றின் சந்ததியே பெருகி, இன்று களைக்கொல்லி எதிர்ப்பில் உலகத்தின் முன்னணிக் களைகளுள் ஒன்றாகப் போவா ஆகிவிட்டது. இந்த எதிர்ப்பை ஆராய்வதற்கென்றே அமெரிக்க விவசாய இலாகாவின் பொருளுதவியுடன் 2018-இல் பல சர்வகலாசாலைகள் சேர்ந்து ஒரு பெருந்திட்டம் தொடங்கின. அதற்குத் தலைமை வகித்தவர் டெக்சாஸ் ஏ அண்ட் எம் சர்வகலாசாலையில் களை சாஸ்திரம் ஆராயும் முத்துக்குமார் பகவதியண்ணன்; அந்தப் பெயர் நமக்கு அந்நியமானதன்று. அந்த ஆராய்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. மருந்து எங்கே தோற்கிறது, ஏன் தோற்கிறது என்பதை யாரேனும் கண்டுபிடிக்கத்தான் வேண்டும். ஆனால் தோற்ற மருந்துக்குப் பதில் இன்னொரு மருந்து என்பதற்கு மேல் வீட்டுக்காரருக்கு யாரும் வேறு யோசனை சொல்வதில்லையே என்பதுதான் என் குறை.

வேறு யோசனை இருக்கிறது. அது நூறாண்டுப் பழமையானதும்கூட. பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே, இரும்புத் தொழிலில் பொருளீட்டிய ஹென்றி ஃபௌன்ஸ் என்பவர் 1903-இல் ஓக்மான்ட் என்னும் கோல்ஃப் மைதானத்தை அமைத்தார். பந்தைக் குழியில் தள்ளும் இடமாகிய ‘கிரீன்’ என்னும் பசுந்தரைகளில் இன்று அங்கே ஆட்சி செய்வது போவாதான். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாக வெட்டி, உருளை கொண்டு அழுத்தி, மணல் தூவி, தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்ததில், அந்தப் புல் வேறெங்கும் காணாத அடர்த்தி பெற்றது. 1935-இல் அமெரிக்க ஓப்பன் போட்டி அங்கே நடந்தபோது, ஜீன் சாரசன் என்னும் பிரசித்தி பெற்ற ஆட்டக்காரர் மெல்லத் தட்டிய பந்து பசுந்தரையில் நில்லாமல் வழுக்கி ஓடி மணற்குழியில் விழுந்ததைப் பார்வையாளராக இருந்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் கண்டார் என்றும், தரை இவ்வளவு வேகமாயிருப்பது நியாயமா என்பதை வெறும் வாய்ப்பேச்சாக விடாமல் அளந்து பார்க்கவேண்டுமென்று எண்ணினார் என்றும் சொல்வார்கள். பந்தை ஒரு சாய்வான கோலிலிருந்து உருளவிட்டு, அது எத்தனை அடி ஓடுகிறதென்று பார்க்கும் ஸ்டிம்ப்மீட்டர் என்னும் கருவி அப்படிப் பிறந்தது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை உலோகத்தில் திருத்திச் செய்து 1978 முதல் மைதானப் பொறுப்பாளர்களுக்குக் கொடுத்தது. உலகமெங்கும் புல்தரையின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று, ‘களை’ என்று பெயர் வாங்கிய புல் இன்று ஆளும் தரையைக் கண்டே உண்டாயிற்று என்பதை, அந்தக் கருவியை விற்கிறவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்களோ! 2025 ஜூன் மாதத்தோடு அமெரிக்க ஓப்பன் அந்த மைதானத்துக்குப் பத்து முறை வந்தாயிற்று. வேறெந்த மைதானத்துக்கும் அத்தனை முறை அது போனதில்லை.

ஓக்மான்ட் பழைய கதை, பணக்காரர் கதை என்று ஒதுக்குகிறவர்களுக்குப் புதிய கதை ஒன்று உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில், கடற்கரையை ஒட்டிய பழைய கல், மணல் சுரங்க நிலத்தில் 2007-இல் சேம்பர்ஸ் பே என்னும் மைதானம் திறக்கப்பட்டது. அது கிளப்புக்காரர் சொத்தன்று. உள்ளூர் அரசாங்கத்தின் பொது மைதானம். ஸ்காட்லாந்தின் கடலோர மைதானங்களைப்போல் இருக்கவேண்டுமென்று, பசுந்தரை முதல் எல்லா இடத்திலும் ஃபெஸ்க்யூ என்னும் மெல்லிய புல்லையே விதைத்தார்கள். நோக்கம் உயர்ந்ததுதான், தண்ணீரும் உரமும் குறைவாகக் கேட்கும் புல் அது. ஆனால் அந்தக் கடற்கரையின் ஈரமும் மிதமான குளிரும் போவாவுக்குப் பிறந்த வீடுபோன்றவை. யாரும் விதைக்காமலே அது உள்ளே நுழைந்தது. 2015-இல் அமெரிக்க ஓப்பன் அங்கே நடந்தபோது, ஃபெஸ்க்யூ ஒரு வேகத்திலும் அதனிடையே திட்டுத்திட்டாக நின்ற போவா வேறொரு வேகத்திலும் வளர்ந்து தரை மேடுபள்ளமாகிப் பந்து துள்ளியது; ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகவே பரிகாசம் செய்தார்கள். அதன் பின் மைதானத்தார் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. போவாவை ஒழிக்க அவர்கள் இன்னும் பத்தாண்டு போராடவில்லை. ஃபெஸ்க்யூ பசுந்தரைகளை அகற்றிவிட்டுப் போவாவையே பாளம் பாளமாகக் கொணர்ந்து பதித்தார்கள். கலவையில் வந்த கேடு, முழுவதும் ஒன்றானதும் நீங்கிற்று. இதைத் தோல்வி என்று சிலர் சொன்னார்கள். இடத்தின் தன்மைக்கு எந்தப் புல் பொருந்துமோ அதை ஒப்புக்கொள்வதற்குத் தோல்வி என்று பெயரிட்டால், விவசாயம் என்பதே தோல்வியின் வரலாறாகிவிடும்.

போவாவைப் பேணுவது எளிது என்று சொல்லி யாரையும் ஏமாற்ற நான் விரும்பவில்லை. பேணத் தொடங்கிய பிறகுதான் அதன் நோய்நொடிகள் தெரிய வருகின்றன. கோடையில் வரும் ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சண நோய் அவற்றில் முதன்மையானது. தரை மஞ்சளித்து, தூரிலேயே அழுகித் திட்டுத்திட்டாகப் போய்விடும். இதற்கு மருந்தே கதி என்றிருந்த காலத்தில், நியூஜெர்சியின் ரட்கர்ஸ் சர்வகலாசாலையார் பல ஆண்டு பொறுமையாகச் செய்த பரீட்சைகளில் தெரியவந்தது, நோய்க்கு வழிவிடுவது பெரும்பாலும் பட்டினியும் அளவுமீறிய வெட்டுமே என்பது. பந்து வேகமாக ஓடவேண்டுமென்று தழைச்சத்தைக் குறைத்து, கத்தியைத் தாழ்த்தி, புல்லை மெலிய வைத்தவர்கள்தான் நோயை வருவித்துக்கொண்டார்கள். ஒரே தடவையில் கொட்டாமல், வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தழைச்சத்தைக் கரைத்துத் தெளிப்பதும், வெட்டும் உயரத்தை 2.8 மில்லிமீட்டரிலிருந்து 3.2-க்கோ 3.6-க்கோ உயர்த்துவதும் நோயைக் கணிசமாகத் தணித்தன. ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த வித்தியாசம்! கத்தியை அவ்வளவு உயர்த்தினால் வேகம் போய்விடுமே என்ற கவலைக்கும் விடை கிடைத்தது: உருளையை ஒரு முறை கூடுதலாக ஓட்டினால் வேகம் திரும்பிவிடும், நோய் அதனால் கூடுவதில்லை. வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ மெல்லிய மணலைத் தூவித் தேய்த்துவிட்டால், மணல் இலைகளைக் கீறி நோய்க்கு வழிவிடும் என்று முன்னோர் அஞ்சியதற்கு மாறாக, தூர் மணலுக்குள் புதைந்து வலுப்பெற்று நோய் குறையவே செய்தது.

வெயில் இதன் பரம விரோதி. வேர் மேலாகவே ஓடுவது. மண் சூடேறினால் அந்த வேரும் சுருங்கும். ஆகவே நண்பகலில், வேருக்கு எட்டும்படி அன்றி இலை நனையும்படி மட்டும், குழாயைக் கையில் பிடித்துப் பூந்தூறலாக நீர் தெளிப்பார்கள். மைதானங்களில் ஜூலை மாதத்துப் பிற்பகலில் ஆட்டக்காரர்கள் ஒதுங்கி நிற்க, ஒருவர் குழாயோடு பசுந்தரைக்குப் பசுந்தரை ஓடுவதைப் பார்க்கலாம்; எந்தத் திட்டு நீலம் பாய்ந்து வாடத் தொடங்குகிறது என்பது அந்தக் கண்ணுக்கு மட்டும் தெரியும். இரவில் அளவுக்கு மிஞ்சி நீர் பாய்ச்சிவிட்டுப் பகலில் கைவிட்டவர்களின் புல், வேரழுகிச் சாகும். குளிர்காலத்திலோ வேறு விதமான ஆபத்து. பனிக்கட்டி மூடிய தரையில் மூச்சடைத்து, 45 முதல் 60 நாளுக்குள் போவா செத்துவிடும். பென்ட்கிராஸ் என்னும் புல் அதைப்போல் இருமடங்கு நாள் தாங்கும். அதனால் வடக்கே உள்ளவர்கள் நாட்காட்டியில் நாளெண்ணி, கட்டியை உடைத்து அப்புறப்படுத்துகிறார்கள்.

பூச்சிகளுள் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அமெரிக்காவின் வடகிழக்கில், போவாவையே விரும்பித் தின்னும் கூன்வண்டு ஒன்று இருக்கிறது. அதன் புழு தண்டுக்குள் புகுந்து குடைந்துவிடும். குளிர்காலத்தை அது மரத்தடிச் சருகில் கழித்து, வசந்தத்தில் மைதானத்துக்கு நடந்து வருகிறது. அது எப்போது புறப்படும் என்பதற்கு அனுபவஸ்தர்கள் பார்ப்பது மஞ்சள் பூப் பூக்கும் ஃபார்சிதியா என்னும் புதரை. அதன் பூவுதிர்ந்து இலை துளிர்க்கையில் வண்டு கிளம்பிவிட்டதென்று அறிகிறார்கள். ஆடிப்பெருக்கையும் மாசிப் பனியையும் பார்த்து விதைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு விளங்காமல் போகாது. இங்கேயும் ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததில் வண்டு அதற்குப் பழகிவிட்டது.

வசந்தத்து வெண்கதிர்களை அடக்கக் கதிர் விடுமுன் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்துகளைத் தெளிப்பது உண்டு. தேதி தவறினால் பயனில்லை. வீட்டுத் தரையில் இதற்கு அவசியமே இல்லை என்பது என் கட்சி. கதிர் நிற்பது சில வாரம். அடிக்கடி வெட்டி, வெட்டியதை வாரி எடுத்தால் போதும்.

இவ்வளவு பேணியபின், இந்தப் புல்லின் விதையை ஏன் கடையில் விற்பதில்லை என்ற கேள்வி எழும். விற்க முயன்றவர்கள் உண்டு. மின்னசோட்டா சர்வகலாசாலையில் டொனால்ட் ஒயிட் என்பவர் பழைய பசுந்தரைகளிலிருந்து படரும் வகை ஒன்றைத் தேர்ந்து வெளியிட்டார். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹஃப் என்னும் ஆராய்ச்சியாளர் 1990-களிலிருந்து இதே முயற்சியில் ஈடுபட்டிருக்கிறார். அவர் கண்டது வியக்கத்தக்கது. நெடுங்காலம் தாழ வெட்டப்பட்ட தரைகளில் போவா குட்டையாகவும், அடர்த்தியாகவும், பல்லாண்டு வாழ்வதாகவும் மாறிவிடுகிறது. அந்தக் குட்டை வடிவம் விதை வழியே சந்ததிக்கும் போகிறது. ஆனால் வெட்டாமல் விட்டு விதை பெருக்கப் புகுந்தால், சில தலைமுறைக்குள் பழைய நெட்டை வடிவத்துக்கே அது திரும்பிவிடுகிறது. பரம்பரைக் கூறுகள் மாறவில்லை. எந்தக் கூறு பேசுவது, எது வாய்மூடி இருப்பது என்பதைக் கத்தி நிர்ணயிக்கிறது. விதை வியாபாரத்துக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறில்லை. வெட்டினால் அறுவடை செய்ய விதை கிடைக்காது, விதைக்கு விட்டால் குணம் கிடைக்காது. ஆகவே பழைய முறையே இன்றும் செல்லுபடியாகிறது: மூத்த பசுந்தரையில் காற்றோட்டத்துக்காகத் துளையிடும்போது வெளிவரும் மண்கட்டைகளைப் பொறுக்கிப் புதிய நாற்றங்காலில் பரப்பி, அவற்றிலுள்ள விதையும் தூரும் முளைக்கக் காத்திருப்பது. பணத்தால் வாங்க முடியாமல் காலத்தால் மட்டுமே பெறக்கூடிய பொருள்கள் குறைந்துவரும் உலகத்தில், இதுவும் ஒன்றாக இருப்பது எனக்குச் சந்தோஷமே.

எதிர்க்கட்சியார் வாதத்தையும் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் கிரிக்கெட் ஆடுகளங்களைப் பேணுகிறவர்கள் போவாவை வெறுப்பதற்குக் காரணம் உண்டு; ஆழமில்லாத வேர் மண்ணை இறுகப் பிடிக்காது, ஆடுகளம் உதிரும், பந்து எழும்பாது. விம்பிள்டன் டென்னிஸ் களங்களில் 2001 முதல் பல்லாண்டு ரைகிராஸ் ஒன்றையே விதைத்து 8 மில்லிமீட்டரில் வெட்டி வருவது, ஓடித் திரும்பி வழுக்கி நிற்கும் கால்களைத் தாங்க வேண்டியிருப்பதால். அவர்கள் செய்வது சரி. அதைவிட வலுவான விலக்கு அன்டார்க்டிகா. அங்கே இயற்கையாகப் பூக்கும் செடிகள் இரண்டே இரண்டு. கிங் ஜார்ஜ் தீவில் போலந்து நாட்டாரின் ஆர்க்டோவ்ஸ்கி ஆராய்ச்சி நிலையத்தருகே, மனிதர்களின் காலணியிலும் மூட்டை முடிச்சுகளிலும் ஒட்டிக்கொண்டு போன போவா 1980-களின் நடுவில் முளைத்து, பின்னர் பரவவும் தொடங்கியது. அதை வேரோடு பிடுங்கி எடுக்க அவர்கள் மேற்கொண்ட பிரயாசைக்கு நான் ஒரு சொல்லும் எதிர்த்துச் சொல்ல மாட்டேன். ஏறக்குறைய எதுவும் இல்லாத நிலத்தில் வந்தேறியைத் தடுப்பது ஒரு தர்மம். ஏற்கெனவே மனிதன் மரத்தை வெட்டி, மண்ணைப் புரட்டி, எங்கிருந்தோ வந்த விதையைத் தூவி, வாரந்தோறும் சிரைத்து வைத்திருக்கும் தரையில் ‘இது சுதேசி, இது அந்நியம்’ என்று வழக்காடுவது வேறு. நம் உதகையிலும் கொடைக்கானலிலும்கூடப் பாதையோரத்திலும் தோட்டங்களிலும் இந்தப் புல் எப்போதோ குடியேறிவிட்டது. அங்கே காக்க வேண்டியது சோலையையும் அதைச் சூழ்ந்த மலைப்புல்வெளியையும். பூங்காவின் கல் இடுக்கில் முளைத்ததை எண்ணி யாரும் தூக்கம் இழக்க வேண்டியதில்லை.

இனி வீட்டுக்காரர் என்ன செய்வது? முதலில், போவா எங்கே வருகிறதென்று பார்க்க வேண்டும். வடபுறத்து நிழல், கூரைத் தண்ணீர் சொட்டும் ஓரம், நடந்து நடந்து இறுகிப்போன பாதை, தானியங்கிக் குழாய் அன்றாடம் நனைக்கும் மூலை, மணிச்சத்தை வாரிக் கொட்டிய பாத்தி: பெரும்பாலும் இவைதான். அந்த இடங்களில் வேறு புல் சரியாக வளர்வதும் இல்லை. அங்கே அதை இருக்கவிட்டு, வாரம் இருமுறை கத்தி கூராக வைத்து வெட்டி, இலையுதிர் காலத்தில் கொஞ்சம் தழைச்சத்து இட்டால் ஆண்டில் ஒன்பது மாதம் பசுமைக்குக் குறைவிராது. ஜூலையில் பழுப்பேறும் திட்டைக் கண்டு கொத்திப் புரட்ட வேண்டாம். செப்டம்பரில் அதே இடத்தில் அதுவாகவே முளைக்கும். அந்த இரண்டு மாதமும் தரை வெறிச்சென்று இருக்கலாகாது என்பவர்கள், கடைசிக் கோடையில் பல்லாண்டு ரைகிராஸோ ஃபெஸ்க்யூவோ கலந்து தூவி, இரண்டும் சேர்ந்து வளர வழி செய்யலாம். பிடிவாதமாக அது வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கும் மருந்தில்லாத வழி உண்டு: ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் புல்லை விட்டு வெட்டி மண்ணுக்கு நிழல் கொடுப்பது, இறுகிய மண்ணைத் துளையிட்டு இளக்குவது, அன்றாடம் தெளிக்காமல் வாரம் ஒருமுறை ஆழ நீர் பாய்ச்சுவது, மண்ணைப் பரிசோதிக்காமல் மணிச்சத்து இடாதிருப்பது. இரண்டு மூன்று ஆண்டுகளில் தானாகவே அது குறைந்துவிடும்.

குடியிருப்புச் சங்கத்திலிருந்து, ‘உங்கள் முற்றத்தில் களை இருக்கிறது’ என்று கடிதம் வந்தால் அதற்கும் பதில் இருக்கிறது. கலிபோர்னியாவில் பெபிள் பீச் மைதானத்துப் பசுந்தரைகளில் இருப்பதும் இதே புல்தான் என்றும், அங்கே ஒரு முறை ஆடுவதற்கு வாங்கும் கட்டணத்தைத் தாங்கள் கேட்கப்போவதில்லை என்றும் எழுதலாம். சங்கத்தார் ஒப்புக்கொள்வார்களா என்பதற்கு நான் ஜவாப்தாரி அல்ல.